மரைக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு: தோட்ட மக்கள் அறிய வேண்டியவை

மலையகத்தில் நாம் மரை என்று அழைப்பது, தமிழ்நாட்டில் கடமான் எனப்படும் பெரிய மானைத்தான். இலங்கையில் வாழும் மான் இனங்களுள் மிகப் பெரியது இதுவே. வளர்ந்த ஆண் மரையின் எடை 200 கிலோகிராமைத் தாண்டக்கூடும். அதிகாலையிலும் இரவிலுமே பெரும்பாலும் மேயும் இவ்விலங்கை ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவில் கூட்டமாகக் காணலாம். ஆனால் அதன் நடமாட்டம் அங்கு மட்டும் அடங்குவதில்லை. காட்டை ஒட்டிய தேயிலை மலைகளுக்கும் மரக்கறித் தோட்டங்களுக்கும் அது இறங்கி வருகிறது.

சட்டப் பாதுகாப்பும் தேசியப் பூங்காவின் எல்லைக்கல்லோடு நின்றுவிடுவதில்லை. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழும், அதைத் திருத்திய 2009ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும், மரை நாடு முழுவதிலும் பாதுகாக்கப்பட்ட விலங்காகும். ஆகவே லயன் குடியிருப்புக்குப் பின்னாலுள்ள சொந்தத் தோட்டத்தில் நின்றாலும் அதைக் கொல்வதும், காயப்படுத்துவதும், பிடிப்பதும், அதன் இறைச்சியை வைத்திருப்பதும் விற்பதும் குற்றமாகும். பலர் கவனிக்காத ஒன்று கொம்பு. ஆண் மரை தன் கொம்பை உதிர்த்து மீண்டும் வளர்த்துக்கொள்ளும் இயல்புடையது. காட்டில் கிடந்ததுதானே என்று எடுத்து வந்து சுவரில் மாட்டினாலும், விலங்கின் உடற்பாகத்தை அனுமதிப்பத்திரமின்றி வைத்திருந்ததாகவே அது கொள்ளப்படலாம் என்பதால், அதைக் கிடந்த இடத்திலேயே விட்டுவிடுவதே பாதுகாப்பானது.

சுவீடன், கனடா போன்ற குளிர்நாடுகளில் மூஸ் என்னும் மாபெரும் மானை வேட்டையாட, எண்ணிக்கையை வரையறுத்து அரசு அனுமதி வழங்குகிறது. அதன் தொகை பெருகாமல் பார்த்துக்கொள்ளும் முக்கிய வழிகளுள் அந்த வேட்டையும் ஒன்று. நம் மலைகளில் மரைத் தொகையை மட்டுப்படுத்துவது சிறுத்தை. மரை குறைந்தால் சிறுத்தைக்கு இரை குறையும். இரை குறைந்த சிறுத்தை நாயையும் கன்றையும் தேடி லயன் பக்கம் வர நேரும் என்பதால், மரையைக் காப்பது நம் வீட்டு வாசலோடும் தொடர்புடையது.

இன்று மலையகத்தில் பெரும் கேடு விளைவிப்பது கம்பிச் சுருக்கு. காட்டுப்பன்றிக்கு என்றே பலரும் அதைக் கட்டுகிறார்கள். உருளைக்கிழங்கையும் கரட்டையும் ஓரிரவில் இழந்த குடும்பத்தின் வேதனை உண்மையானது. அதை எவரும் சிறிதாக எண்ணக் கூடாது. ஆனால் சுருக்குக்கு விலங்கின் பெயர் தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் ஒரு மரக்கறித் தோட்டத்தருகே சுருக்கில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை, உடவளவைக்குக் கொண்டு செல்லப்பட்டுச் சிகிச்சை பெற்றும் சில நாட்களில் இறந்துபோனது.

சுருக்கில் சிக்கிய மரையையோ சிறுத்தையையோ கண்டால் நெருங்க வேண்டாம். கம்பியை நீங்களே அறுக்கவும் முயல வேண்டாம். அச்சத்தில் துள்ளும்போது கம்பி மேலும் இறுகும், விடுபட்ட விலங்கு எதிரே நிற்பவரைத் தாக்கவும் கூடும். ஆட்களையும் நாய்களையும் விலக்கிவிட்டு, வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற அவசர இலக்கத்துக்கு அழைத்து, தோட்டத்தின் பெயரையும் தேயிலை மலையின் இலக்கத்தையும் தெளிவாகச் சொல்லுங்கள்.

பூங்காவுக்குச் செல்வோருக்குரிய விதிகளும் இவ்விலங்கின் உடல்நலத்தையே கருதியவை. ஹோர்ட்டன் சமவெளி 1988ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக்கப்பட்டது. வாகனத் தரிப்பிடத்தருகே மனிதருக்குப் பழகிப்போன மரைகள் உணவுக்காகக் கிட்ட வரும். பிள்ளைகள் ஆசையோடு பிஸ்கட் நீட்டுவார்கள். மரை அசைபோடும் விலங்கு. அதன் இரைப்பை புல்லுக்கும் தழைக்கும் உரியது. உணவின் வாசனை ஒட்டிய பொலித்தீனை அது சேர்த்து விழுங்கினால், செரிக்காத அந்தப் பை இரைப்பையில் தங்கி வழியை அடைக்க, விலங்கு நாட்கணக்கில் வாடிச் சாகும். நுழைவாயிலில் உத்தியோகத்தர்கள் பைகளைத் திறந்து பொலித்தீனை அகற்றச் சொல்வது இதனால்தான். சோற்றை வாழையிலையிலோ டப்பாவிலோ கட்டிச் சென்றால் அங்கே தாமதமின்றி உள்ளே போகலாம். மீதமான உணவைத் திரும்பக் கொண்டு வந்துவிட வேண்டும்.