எரியும் மண்டபமும் ஜெர்மன் மனமும்

1943 ஜனவரி 30. ஸ்டாலின்கிராடில் சிக்கிக்கொண்ட ஜெர்மனியின் ஆறாவது படை பனியிலும் பட்டினியிலும் செத்துக்கொண்டிருந்தது. பெர்லினில் ஹிட்லரின் விமானப்படைத் தளபதி ஹெர்மன் கோரிங் பேசிய பேச்சு வானொலியில் ஒலிபரப்பானது. "நிபெலுங்கர்களின் போர் என்றொரு மாபெரும் வீரப்பாடல் நமக்குத் தெரியும். அவர்களும் தீப்பிடித்த மண்டபத்தில் நின்றார்கள், தங்கள் ரத்தத்தையே குடித்துத் தாகம் தணித்தார்கள், கடைசிவரை போராடினார்கள்" என்றார். உயிரோடு இருந்தவர்களுக்கே இரங்கற்பா. மூன்றே நாளில் படை முழுவதும் சரணடைந்துவிட்டது. சிறைபிடிபட்டவர்கள் ஏறத்தாழ 91,000 பேர். ஊர் திரும்பியவர்கள் சுமார் 6,000 பேர்தான்.

கோரிங் சொன்ன பாடல் நிபெலுங்கென்லீட். 1200ஆம் ஆண்டையொட்டி, பஸாவுக்கும் வியன்னாவுக்கும் இடைப்பட்ட டான்யூப் கரையில், பெயர் தெரியாத ஒரு கவிஞர் இயற்றியது. ஏறக்குறைய 2,400 பாடல்கள், 39 படலங்கள். எஜமான விசுவாசம், விதி என்றால் தலைகொடுப்பது, அழிவின்மேல் ஒரு மயக்கம் என ஜெர்மானியர்களின் மனமே இதில் இருக்கிறது என்று அவர்களை வியந்தவர்களும் சொன்னார்கள், வெறுத்தவர்களும் சொன்னார்கள். ஒரு காப்பியத்துக்குள் ஒரு தேசத்தின் மனம் இருக்க முடியுமா?

முதலில் கதை. டிராகனின் ரத்தத்தில் குளித்த ஸீக்ஃப்ரீடை எந்த ஆயுதமும் துளைக்காது. குளித்தபோது தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு லிண்டன் இலை ஒட்டிக்கொண்டதால் அந்த இடம் மட்டும் விதிவிலக்கு. போரில் அவனைக் காப்பதாக ஏமாற்றி, அந்த இடத்துக்கு நேராக உடையில் ஒரு சிலுவைக் குறி தைக்கும்படி அவன் மனைவி க்ரீம்ஹில்டிடம் சொல்கிறான் ஹாகென். பிறகு ஊற்றுநீர் குடிக்கக் குனிந்தவன் முதுகில், அந்தக் குறி பார்த்தே ஈட்டி பாய்ச்சுகிறான். ஹாகென் வேறு யாருமல்ல, க்ரீம்ஹில்டின் அண்ணன் குந்தருக்கு அடங்கிய வீரன். பல ஆண்டுகள் கழித்து ஹூணர்களின் அரசன் எட்செலை மணந்துகொண்ட க்ரீம்ஹில்ட், பிறந்த வீட்டாரை விருந்துக்கு அழைத்துப் பழிதீர்க்கிறாள். கோரிங் சொன்ன நிபெலுங்கர்கள் இவர்கள்தான். வந்த வீரர்களில் ஒருவரும் ஊர் திரும்பவில்லை.

அந்த மண்டபத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். கூரை எரிகிறது, உள்ளே இருப்பவர்களுக்கு நா வறள்கிறது. "தாகம் தாங்காதவர்கள் ரத்தத்தைக் குடியுங்கள்" என்கிறான் ஹாகென். ஒருவன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, செத்துக் கிடந்தவன் அருகே மண்டியிட்டு, காயத்தில் வாய்வைத்துக் குடிக்கிறான். எழுந்து நன்றி சொல்கிறான்: இதைவிட நல்ல மதுவை எனக்கு யாரும் ஊற்றியதில்லை. கோரிங் சொன்னது போலச் சொந்த ரத்தம் இல்லை, பிணத்தின் ரத்தம். இவர்கள் காத்து நின்றது தாய்நாட்டையும் இல்லை. ஹாகெனை மட்டும் ஒப்படைத்தால் மற்றவர்களை விட்டுவிடுகிறேன் என்கிறாள் க்ரீம்ஹில்ட். ஆயிரம் பேர் இருந்தாலும் அத்தனை பேரும் சாவோமே தவிர ஒருவனைத் தரமாட்டோம் என்று அவள் உடன்பிறந்தவனே மறுக்கிறான். ஒரு கொலைகாரனுக்காக ஒரு குலமே எரிகிறது.

இந்தப் பிடிவாதத்துக்கு மூலத்தில் இருக்கும் சொல் 'ட்ரியூவெ'. இன்று விசுவாசம் என்று மொழிபெயர்க்கிறோம். அன்று அது மனக்குணத்தைவிட ஒரு ஒப்பந்தம்: நிலம் கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் இடையிலான கட்டு. நம் சொல்லில் செஞ்சோற்றுக்கடன். இந்தக் கடன் மனிதனை எப்படி நசுக்குகிறது என்பதற்குத்தான் கவிஞர் ரூடிகரைப் படைத்திருக்கிறார். எட்செலிடம் நிலம் பெற்றவர், க்ரீம்ஹில்டுக்குச் சத்தியம் செய்தவர். ஆனால் வந்த விருந்தினரை வழியில் தன் வீட்டில் தங்கவைத்து, அவர்களில் ஒருவனுக்கு மகளையும் நிச்சயித்தவர். நிலத்தையெல்லாம் திருப்பித் தருகிறேன், கால்நடையாகப் போய்விடுகிறேன் என்று கெஞ்சுகிறார். விடவில்லை. சண்டைக்கு வந்த இடத்தில், ஹாகெனின் கேடயம் சிதைந்திருப்பதைப் பார்த்துத் தன் கேடயத்தையே கழற்றிக் கொடுக்கிறார். பிறகு உள்ளே போய்ச் சாகிறார். இந்தக் காப்பியத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். விசுவாசத்தைப் போற்றும் பாட்டு என்று இதைச் சொல்கிறவர்கள் இந்தப் படலத்தை எப்படித் தாண்டிப் போகிறார்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை.

இன்னொரு சிக்கல், இந்தத் 'தேசிய மனம்' இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தூங்கியது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பிறகு காப்பியம் ஏறக்குறைய மறக்கப்பட்டு, 1755இல்தான் ஆஸ்திரியாவின் ஹோஹெனெம்ஸில் ஒரு சுவடி மீண்டும் கண்ணில் பட்டது. முழுப் பதிப்பு 1782இல் வெளிவந்தபோது, இது ஒரு வேட்டுக்கான வெடிமருந்துக்குக்கூடப் பெறாது என்று எழுதிவிட்டார் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக். மதிப்பு ஏறியது நெப்போலியனிடம் அடிபட்ட பிறகு. 1806இல் யேனாவில் பிரஷ்யாவின் தோல்வி, 1807இல் புதிய மொழிபெயர்ப்பு, 1815இல் படைவீரர்கள் முகாமுக்கு எடுத்துச்செல்ல ஒரு கூடாரப் பதிப்பு.

அதன் பிறகு நடந்ததை உளவியலார் காட்டும் மைக்கறைப் படத்தோடு ஒப்பிடலாம். கறை ஒன்றுதான், பார்ப்பவர் மனதில் இருப்பதுதான் அதில் தெரியும். 1909இல் ஆஸ்திரியாவை எந்நிலையிலும் கைவிடமாட்டோம் என்று நாடாளுமன்றத்தில் சொன்ன ஜெர்மன் சான்சலர் பியூலோவ் 'நிபெலுங்க விசுவாசம்' என்றார். அந்தச் சொல்லில் ஹாகெனும் தோழர்களும் நாயகர்கள். முதல் உலகப்போர் தோற்றதும் தளபதி ஹிண்டென்பர்க், ஹாகெனின் வஞ்சக ஈட்டியில் ஸீக்ஃப்ரீட் சாய்ந்ததுபோல நம் போர்முனை சாய்ந்தது என்று எழுதினார். இப்போது ஹாகென் முதுகில் குத்திய துரோகி. 1943இல் கோரிங் வாயில் அதே ஹாகெனின் கூட்டம் மறுபடியும் நாயகர்கள். ஒரே ஆள் முப்பத்து நான்கு ஆண்டுகளில் இரண்டு முறை கட்சி மாறிவிட்டான்.

சரி, காப்பியம் தன் சமூகத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாதா? சொல்லும், ஆனால் வேறொரு பிரதியோடு ஒப்பிட்டால்தான். இதே கதை ஐஸ்லாந்திலும் உண்டு. அங்கே நாயகியின் பெயர் குட்ரூன். தன் சகோதரர்களைக் கொன்றதற்காக அவள் கணவன் அட்லியைக் (ஜெர்மன் பாடலின் எட்செல்) கொல்கிறாள். ஜெர்மன் பாடலில் க்ரீம்ஹில்ட், கணவனைக் கொன்றதற்காகச் சகோதரர்களைக் கொல்கிறாள். பழைய வடிவில் ரத்த உறவு முந்தி நிற்கிறது, 1200இன் அரண்மனைக் கவிதையில் தாலி கட்டியவன் முந்திவிட்டான். இது 'ஜெர்மன் குணம்' இல்லை. குலம் தளர்ந்து, திருமண பந்தமும் அரசவையும் வலுத்துவந்த காலத்தின் தடம்.

தேசியக் குணம் என்பதையே அளந்து பார்த்திருக்கிறார்கள். 2005இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, 49 பண்பாடுகளில் தங்கள் நாட்டவர் எப்படிப்பட்டவர்கள் என்று மக்கள் நம்புவதையும், அதே நாடுகளில் தனிமனிதர்களின் ஆளுமையை மதிப்பிட்டுக் கிடைத்த சராசரியையும் பக்கத்தில் வைத்தது. இரண்டும் பொருந்தவில்லை.

காப்பியத்தின் முதல் வாசகர்களுக்கே அந்த முடிவு செரிக்கவில்லை. பெரும்பாலான முழுச் சுவடிகளில், பாடல் முடிந்ததும் 'புலம்பல்' என்ற இன்னொரு கவிதை தொடர்கிறது. அதில் வீரம் பேசுவாரில்லை. பிணங்களை எடுத்து அடக்கம் செய்கிறார்கள், ஊர் ஊராகச் செய்தி போகிறது. ரூடிகரின் குதிரையும் ஆயுதங்களும் அவர் வீட்டுக்கு வருகின்றன. அவர் இறந்ததை மனைவியிடமும் மகளிடமும் சொல்லக்கூடாது என்று தூதர்களுக்குக் கட்டளை. கேள்விகளுக்கு ஏதேதோ சொல்லிச் சமாளிக்கிறார்கள். அழுகையைத்தான் அடக்க முடியவில்லை.