குறுங்குவேசார்: மைக்ரோகுவாசாருக்கு ஒரு தமிழ்ச் சொல்

குவாசார் என்ற சொல் 1964-இல் பிறந்தது. 'விண்மீனை ஒத்த ரேடியோ மூலம்' என்று பொருள்படும் நீளமான ஆங்கிலத் தொடரை ஹாங்-யீ சியு என்ற வானியலாளர் அப்படிச் சுருக்கினார். பார்வைக்கு விண்மீன் போல ஒரு புள்ளி. உண்மையில் அது தொலைதூர விண்மீன் மண்டலத்தின் நடுவே இரை விழுங்கும் ராட்சதக் கருந்துளை. தமிழில் குவேசார் என்றே எழுதுகிறோம்.

1992-இல் வானியலாளர் பெலிக்ஸ் மிராபெல் குழுவினர், நம் பால்வீதியிலேயே இருபுறமும் தாரை (குறுகலான, வேகமான பொருள் பீச்சல்) பீய்ச்சும் ஒரு பொருளைக் கண்டு அதை மைக்ரோகுவாசார் என்றார்கள். கருந்துளையும் (சில சமயம் அதற்குப் பதிலாக, இறந்த விண்மீனின் அடர்ந்த மிச்சமான நியூட்ரான் விண்மீனும்) ஒரு சாதாரண விண்மீனும் சோடியாகச் சுற்றும் இரட்டை அமைப்பு இது. விண்மீனிலிருந்து உறிஞ்சிய பொருளில் ஒரு பங்கு தாரையாக வெளியே பாய்கிறது.

சரி, 'மைக்ரோ'வை எப்படித் தமிழாக்குவது? 'நுண்' என்றுதான் கை முதலில் போகும். ஆனால் நுண்ணுயிர், நுண்ணோக்கி என்று பழகிய காதில் அது கண்ணுக்கே தெரியாத பொருளாகிவிடும். 'குறு' அப்படியில்லை. குறுநில மன்னனும் மன்னன்தான். கொடியும் படையும் உண்டு, நிலம்தான் சிறியது. குறுங்கோள் என்பதும் அந்த வழியில் வந்த சொல். ஆகவே குறுங்குவேசார் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இந்தக் குறுநில மன்னர்களின் வலிமையைப் பாருங்கள். கழுகு விண்மீன் குழுவில், சுமார் 18,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது எஸ்எஸ் 433. அதன் தாரைகள் ஒளி வேகத்தில் கால் பங்குக்குச் சற்று அதிகமாகப் பாய்கின்றன. மெக்சிகோவின் சியெர்ரா நெக்ரா எரிமலைச் சரிவில், 4,100 மீட்டர் உயரத்தில், முந்நூறு தண்ணீர்த் தொட்டிகள் நிற்கின்றன. ஹாக் ஆய்வகம் அதுதான். ஒளியிலேயே மிக அதிக ஆற்றல் கொண்ட வகையான காமாக் கதிர் காற்றில் மோதிச் சிதறும்போது உண்டாகும் துகள் மழை தொட்டிக்குள் இறங்கினால் நீல ஒளி மின்னும். அடியில் இருக்கும் உணரிகள் அதைப் பிடிக்கும். எஸ்எஸ் 433-லிருந்து 25 டெரா எலக்ட்ரான் வோல்ட்டும் அதற்கு மேலும் ஆற்றல் கொண்ட கதிர்கள் வருவதை ஹாக் 2018-இல் அறிவித்தது. நாம் காணும் ஒளியைப்போல ஏறக்குறைய பத்து லட்சம் கோடி மடங்கு ஆற்றல்! அதைவிட வியப்பு, அவை கருந்துளையின் அருகிலிருந்து வரவில்லை. பல பத்து ஒளியாண்டு தள்ளி, தாரைகள் சுற்றியுள்ள வாயுவில் முட்டும் பகுதியிலிருந்து வந்தன.

இவற்றை 'மிக உயர்ந்த ஆற்றல்' என்று நீட்ட வேண்டாம். 'மீ' என்றாலே மேல்; மீயுயர் ஆற்றல் காமாக் கதிர்கள் என்று எழுதலாம். 2024-இல் தனுசில் உள்ள வி4641 என்ற குறுங்குவேசாரிலிருந்து வந்ததாக ஹாக் அறிவித்த கதிர்கள் 200 டெரா எலக்ட்ரான் வோல்ட்டையும் தாண்டியிருந்தன. அங்கே இருக்கும் கருந்துளையின் நிறை, சூரியனைப்போல ஆறு மடங்கு மட்டுமே.