ஃபோன் கட் ஆனதுக்கு அப்புறம்தான் எங்ககிட்ட வர்றாங்க

நான் அமெரிக்காவுல ஒரு ஆஸ்பத்திரியில சோஷியல் வொர்க்கரா இருக்கேன். டிஸ்சார்ஜ் ஆகிப் போறவங்களுக்கு மருந்து, வண்டி, அடுத்த அப்பாயின்ட்மென்ட் எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டு கடைசியா எந்த நம்பர்ல கூப்பிடணும்னு கேப்பேன். அந்த ஒரு கேள்வியில தடுமாறுறவங்கதான் திரும்ப அட்மிட் ஆகுறாங்கன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு பயம்.

தனியா இருக்கற ஒரு பெரியவர், ஹார்ட் ஃபெயிலியர். வீட்டுக்குப் போன மூணாம் நாள் நர்ஸ் கூப்பிட்டா நம்பர் சர்வீஸ்ல இல்லன்னு வருது. திரும்ப எமர்ஜென்சியில பாத்தப்ப கேட்டேன், ஏன்யா ஃபோன் என்ன ஆச்சுன்னு. "அவசரத்துக்கு வேணும்னு ஆஃப் பண்ணி டிராயர்ல பத்திரமா வச்சிருந்தேன்மா"ன்னார். அவர் வச்சிருந்தது லைஃப்லைன்ல, அதாவது வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கு ஃபோன் செலவைக் குறைக்கற அரசாங்கத் திட்டத்துல, கிடைச்ச இலவச ஃபோன். பத்திரமா வச்சதாலயே போயிடுச்சு, ஏன்னா மாசக் கட்டணம் வாங்காத லைஃப்லைன் சர்வீஸ 30 நாள் யூஸ் பண்ணலன்னா நோட்டீஸ் வரும், அதுக்கப்புறம் 15 நாளும் சும்மா இருந்தா கட் பண்ணிடுவாங்க. ஒரு கால் பண்ணினாலோ ஒரு மெசேஜ் அனுப்பினாலோ கூட போதும், கணக்குல வந்துடும். இதை அவருக்கு யாருமே சொல்லல. கட் ஆன செல்ஃபோன்ல இருந்தும் அவசர உதவி நம்பரான 911 போகும், ஆனா லைன் பாதியில துண்டிச்சா அவங்களால திருப்பிக் கூப்பிட முடியாது.

லைஃப்லைன் தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்றேன். 1985ல, ரீகன் அதிபரா இருந்த காலத்துல, தொலைத்தொடர்பைக் கவனிக்கற அரசாங்க அமைப்பான எஃப்சிசி கொண்டு வந்தது. அப்ப லேண்ட்லைனுக்கு மட்டும்தான், 2005க்கு அப்புறம் செல்ஃபோனுக்கும் வழி வந்துச்சு, 2016ல இன்டர்நெட்டையும் சேத்தாங்க. ரீகன் காலத்துத் திட்டத்துக்கே "ஒபாமா ஃபோன்"னு பேர் வச்சு கேவலமா பேசுறவங்கள பாத்தா எனக்கு கோபம்தான் வரும், ஏன்னா அதைக் கேட்டு வெக்கப்பட்டே நிறைய பேர் அப்ளை பண்ணாம இருக்காங்க. இன்டர்நெட் சேர்ந்த பிளானுக்கு மாச பில்லுல 9.25 டாலர் வரைக்கும் குறையும், வெறும் பேசுறதுக்கான பிளானுக்கு 5.25, பழங்குடி நிலத்துல இருக்கறவங்களுக்கு 34.25 வரைக்கும். மெடிகெய்ட் (ஏழைங்களுக்கான மருத்துவக் காப்பீடு), ஃபுட் ஸ்டாம்ப் (சாப்பாட்டுச் செலவுக்கான உதவி), எஸ்எஸ்ஐ (வசதி இல்லாத வயசானவங்க, ஊனமுற்றவங்களுக்கான மாச உதவி) இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலே தகுதி வந்துடும். எதுவும் இல்லன்னா வருமானம் வறுமைக்கோட்டுல 135 சதவீதத்துக்குள்ள இருக்கணும், 2025 கணக்குப்படி தனி ஆளுக்கு வருஷம் சுமார் 21,128 டாலர். 2024 ஜூன்ல நின்னு போச்சே, அது 30 டாலர் இன்டர்நெட் உதவி, ஏசிபி. லைஃப்லைன் அது இல்ல. ரெண்டையும் குழப்பிக்கிட்டு எல்லாமே முடிஞ்சுபோச்சுன்னு நினைச்சிட்டாங்க நிறைய பேர்.

நான் அதிகமா பாக்கற இன்னொரு சிக்கல் வீட்டு அட்ரஸ். ஒரு குடும்பத்துக்கு ஒண்ணுதான்னு ரூல். ஆனா அது ஒரே கூரைன்னு அர்த்தம் இல்லங்க, வரவு செலவு ஒண்ணா பாக்கறவங்கதான் ஒரு குடும்பம். வாடகைய பங்கு போட்டுக்கிட்டு அவங்கவங்க சம்பாத்தியத்துல தனித்தனியா வாழற ரெண்டு பேர்னா ஒரே அட்ரஸ்ல ரெண்டு பேருக்கும் கிடைக்கும், அதுக்குன்னு ஒரு ஃபாரம் இருக்கு. அட்ரஸ் ஏற்கனவே யூஸ்ல இருக்குன்னு ஒரு தடவை ரிஜெக்ட் ஆனதும் விட்டுட்டுப் போயிடுறாங்க, அந்த ஃபாரத்த ஃபில் பண்ணி திரும்ப அனுப்புங்கன்னு பக்கத்துல உக்காந்து நானே செய்ய வச்சிருக்கேன், கிடைச்சிருக்கு.

அப்புறம் வருஷா வருஷம் வர்ற லெட்டர். தகுதி இன்னும் இருக்கான்னு முதல்ல லைஃப்லைன நடத்துறவங்களே டேட்டாபேஸ்ல பாப்பாங்க, அங்க தெரியலன்னா உங்களுக்கு எழுதுவாங்க, 60 நாளுக்குள்ள பதில் போகலன்னா சலுகை போச்சு. வீடு மாறினவங்களுக்கு அந்த லெட்டர் பழைய வாசல்லயே கிடக்கும், அதனாலதான் அட்ரஸ் மாறினா 30 நாளுக்குள்ள கம்பெனிக்குச் சொல்லுங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன். இன்சுலின் போட்டுக்கற ஒரு அம்மாவுக்கு இப்படித்தான் ஃபோன் போச்சு. ரெண்டு தடவை கிளினிக் தேதிய மாத்தினத சொல்ல ஆள் கிடைக்காம பஸ் ஏறி வந்துட்டு திரும்பிப் போனாங்க.

இப்பல்லாம் டிஸ்சார்ஜ் பேப்பர்ல மருந்து லிஸ்ட்டுக்குக் கீழ கையால ரெண்டு வரி எழுதிக் குடுக்கறேன், லெட்டர் எந்த மாசம் வரும்னு ஒண்ணு, வாரத்துக்கு ஒரு தடவையாவது யாரையாவது கூப்பிடுங்கன்னு ஒண்ணு. அந்தப் பெரியவருக்கு மறுபடி அப்ளை பண்ணி ஃபோன் வந்துடுச்சு, ஞாயித்துக்கிழமை தோறும் அவர் தங்கச்சிக்கு பேசுறாராம்.