பிழை எந்த இடத்தில்?

கணினித் தரவின் மிகச் சிறிய துண்டு பிட்; அது 0 அல்லது 1 மட்டுமே. அதில் பிழை திருத்துவது ஒரு வகையில் சுலபம். தவறாக வந்தது 1 என்றால் சரியானது 0. வந்தது 0 என்றால் சரியானது 1. மூன்றாவது விடையே கிடையாது. பாடெல்லாம் எந்த பிட் தவறு என்று கண்டுபிடிப்பதில்தான்.

ஒரு பிட் புரண்டதா என்று மட்டும் அறிய ஒரே ஒரு கூடுதல் பிட் போதும். அனுப்பும் தரவில் உள்ள 1-களை எண்ணுங்கள். ஒற்றைப்படையாக இருந்தால் கடைசியில் ஒரு 1, இரட்டைப்படையாக இருந்தால் ஒரு 0 சேருங்கள். மொத்தம் எப்போதும் இரட்டைப்படையாகிவிடும். இதுதான் பாரிட்டி பிட். வந்து சேர்ந்ததில் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் வழியில் ஏதோ புரண்டிருக்கிறது. நேரம் இருந்தால் மறுபடி அனுப்பச் சொல்லலாம். கணினிகளைக் கம்பியால் இணைக்கும் ஈதர்நெட்டில், ஃபிரேம் எனப்படும் ஒவ்வொரு தரவுத் தொகுப்பின் கடைசியிலும் சிஆர்சி என்ற 4 பைட் சோதனை எண் இருக்கிறது (ஒரு பைட் என்பது 8 பிட்). அந்தக் கணக்கு ஒத்துவராத ஃபிரேம் அங்கேயே கைவிடப்படும். விட்டுப்போனதைத் திரும்ப அனுப்ப வைப்பது மேலடுக்கில் இருக்கும் டிசிபி என்ற இணைய விதிமுறையின் வேலை. ஆனால் வெகுதொலைவில் இருக்கும் வாயேஜர் 1 விண்கலத்திடம் ஒன்றைத் திரும்பக் கேட்டுப் பதில் பெற ஒன்றரை நாளுக்கும் மேலாகும். கீறல் விழுந்த சிடியிடம் கேட்கவே முடியாது.

1940-களின் கடைசியில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த கணித அறிஞர் ரிச்சர்ட் ஹாமிங்குக்கு, மின்காந்த விசைகளால் (ரிலே) இயங்கும் கணினி வார இறுதியில்தான் கிடைக்கும். ஆள் இல்லாத நேரத்தில் பிழை கண்டால், அந்தக் கணக்கைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும் இயந்திரம் அது. பிழை இருப்பது தெரிகிற இயந்திரத்துக்கு அதன் இடம் மட்டும் ஏன் தெரியக்கூடாது? இந்தக் கேள்விக்கு அவர் கண்ட விடை 1950-ல் வெளியானது. காகிதமும் பென்சிலும் இருந்தால் இப்போதே செய்து பார்க்கலாம்.

ஏழு கட்டங்கள் போட்டு 1 முதல் 7 வரை எண் கொடுங்கள். 1, 2, 4 ஆகிய கட்டங்கள் பாரிட்டிக்கு. 3, 5, 6, 7 தரவுக்கு. முதல் பாரிட்டி 1, 3, 5, 7 கட்டங்களைக் கவனிக்கும். இரண்டாவது 2, 3, 6, 7. மூன்றாவது 4, 5, 6, 7. இந்தப் பங்கீடு மனம்போனபடி செய்ததல்ல. 6 என்பது 2+4, அதனால் ஆறாம் கட்டத்தை 2-ம் 4-ம் கவனிக்கின்றன. 7 என்பது 1+2+4, அதனால் மூன்றுமே கவனிக்கின்றன.

1011 என்ற தரவை எடுத்துக்கொள்வோம். கட்டம் 3-ல் 1, 5-ல் 0, 6-ல் 1, 7-ல் 1. ஒவ்வொரு குழுவிலும் 1-கள் இரட்டைப்படையாக வர, கட்டம் 1-ல் 0, 2-ல் 1, 4-ல் 0 வைக்க வேண்டும். அனுப்புவது 0110011. வழியில் ஆறாவது பிட் புரண்டு 0110001 என்று போய்ச் சேர்கிறது. அங்கே முதல் குழு சரி. இரண்டாவது குழுவில் மூன்று 1-கள், தவறு. மூன்றாவதில் ஒரே ஒரு 1, அதுவும் தவறு. தவறிய குழுக்களின் பாரிட்டி இருக்கும் கட்டங்கள் 2-ம் 4-ம், கூட்டினால் 6. பிழையின் முகவரி அப்படியே கையில் வந்து விழுகிறது! பாரிட்டி பிட்டே புரண்டாலும் இதே கணக்கு அதையும் காட்டிக்கொடுக்கும்.

இரண்டு பிட்டுகள் புரண்டால்தான் ஆபத்து. ஆறோடு மூன்றும் புரண்டு 0100001 என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது தவறுவது 1-ம் 4-ம். விடை 5. ஒரு தவறும் செய்யாத ஐந்தாவது பிட்டைப் புரட்டிவிடுவோம்; மூன்று சோதனைகளும் சரியாகிவிடும்; கிடைக்கும் தரவோ 1011 அல்ல, 0101. தவறான திருத்தம், திருத்தாமல் விடுவதைவிட மோசம், ஏனென்றால் அதை யாரும் சந்தேகப்படமாட்டார்கள். அதனால்தான் சர்வர் நினைவகங்களில் எல்லா பிட்டுக்கும் சேர்த்து இன்னொரு பாரிட்டி வைக்கிறார்கள். குழுக்கள் தவறியும் இந்த மொத்த எண்ணிக்கை சரியாக இருந்தால் இரண்டு பிழைகள் என்று அர்த்தம். திருத்தாமல் எச்சரிக்கை மட்டும் கொடுக்கும். 64 பிட்டுக்கு 8 கூடுதல் பிட், ஆக 72.

சிடி கீறலில் பிட்டுகள் ஒன்றிரண்டாக அல்ல, ஆயிரக்கணக்கில் அடுத்தடுத்துப் போகும். அங்கே இர்விங் ரீடும் கஸ்டவ் சாலமனும் 1960-ல் வெளியிட்ட குறிமுறை வேலை செய்கிறது. அது பிட்டை அல்ல, பைட்டைத் திருத்தும். பைட்டில் இடம் தெரிந்தால் மட்டும் போதாது, சரியான மதிப்பும் தெரிய வேண்டும். எனவே ஒரு பிழைக்கு இரண்டு கூடுதல் பைட். இடம் முன்பே தெரிந்துவிட்டால் ஒன்றே போதும். சிடி இதை அழகாகப் பயன்படுத்துகிறது. இரண்டு திருத்த அடுக்குகள், ஒவ்வொன்றிலும் தொகுதிக்கு 4 கூடுதல் பைட். தன்னால் முடியாத அளவு பிழையைக் கண்ட முதல் அடுக்கு, அந்தத் தொகுதியின் எல்லா பைட்டுகளையும் சந்தேகத்துக்குரியவை என்று குறித்துவிடும். பிறகு பைட்டுகள் கலைத்து அடுக்கப்படுவதால், குறி விழுந்தவை பல தொகுதிகளுக்குப் பிரிந்து போகும். இரண்டாவது அடுக்குக்கு இடம் தெரியுமாதலால் தொகுதிக்கு 4 பைட் வரை மீட்டுவிடும். சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளக் கீறல் வரை ஒலி முழுசாகத் திரும்பக் கிடைப்பது இப்படித்தான்.

க்யூஆர் குறியிலும் அதே ரீட்-சாலமன்தான். மிகச் சிறிய 21×21 கட்டக் குறியில் மொத்தம் 26 பைட். திருத்தும் திறனுக்கான நிலைகளில் ஒன்றான 'எம்'மில் 16 தரவுக்கு, 10 திருத்தத்துக்கு. பத்தை வைத்து 5 பைட் திருத்தலாமே என்று தோன்றும். தர விதி 4 வரைதான் திருத்தச் சொல்கிறது. மிச்சமுள்ள இரண்டு பைட், அந்த ஐந்தாவது பிட்டுக்கு நேர்ந்ததுபோன்ற தவறான திருத்தத்தைத் தடுக்க ஒதுக்கியது. மூலைகளில் உள்ள மூன்று பெரிய சதுரங்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஸ்டிக்கரின் நடுவில் கொஞ்சம் கிழிந்தாலும் படித்துவிடும் ஃபோன், ஒரு மூலைச் சதுரம் போய்விட்டால் பெரும்பாலும் திணறுகிறது. குறி எங்கே தொடங்குகிறது என்றே அதற்குத் தெரிவதில்லை.