ஆக்கிரமிப்பா, குடியேற்றமா, புழக்கமா?

அலுவலகமோ வணிக வளாகமோ திறக்கப்பட்டு ஆட்கள் ஓரிரு ஆண்டுகள் புழங்கிய பிறகு, மின்செலவு, வெப்பம், வெளிச்சம், இரைச்சல், அங்கே வேலை செய்வோரின் கருத்து ஆகியவற்றைக் கொண்டு வடிவமைப்பு பலித்ததா என்று ஆராய்வதைக் கட்டடக்கலையில் 'போஸ்ட் ஆக்குபன்சி இவாலுவேஷன்' என்பார்கள். இதை 'ஆக்கிரமிப்புக்குப் பிந்தைய மதிப்பீடு' என்று பெயர்ப்பவர்களை என்னவென்று சொல்வது!

'ஆக்குபை' என்பதன் லத்தீன் மூலம் கைப்பற்றுதலைக் குறித்தது உண்மைதான். ஆனால் தமிழ்நாட்டில் ஆக்கிரமிப்பு என்றால் ஏரிக்கரையில் எழும்பிப் பொக்லைனுக்குக் காத்திருக்கும் கட்டடம்; முறையாக வாடகை செலுத்தும் நிறுவனத்துக்கு அந்தப் பெயர் அவதூறு.

'குடியேற்றத்துக்குப் பிந்தைய மதிப்பீடு' என்ற மாற்று காதுக்கு இதமாக இருப்பதாலேயே அதிகம் பரவுகிறது. எந்தக் கணக்காளரும் அலுவலகத்தில் குடியேறுவதில்லை. இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, 'ஆக்குபன்சி' அடிப்படையில் கட்டடங்களை 9 வகைகளாகப் பிரிக்கிறது. குடியிருப்பு அவற்றுள் ஒன்று மட்டுமே, அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் தனித்தனி வகைகள் உண்டு. ஒரு வகையின் பெயரை ஒன்பதுக்கும் சூட்டிவிட்டால், கிடங்கிலும் தொழிற்சாலையிலும் யார் குடியிருக்கிறார்கள் என்று வாசகர் தேட வேண்டியதுதான்.

'பயன்பாட்டுக்குப் பிந்தைய' என்பது இவ்விரண்டையும்விட மேல் என்றாலும், 'பிந்தைய' அதைக் கெடுக்கிறது. போருக்குப் பிந்தைய காலம் என்றால் போர் ஓய்ந்துவிட்டது என்று பொருள். இங்கோ பயன்பாடு நடந்துகொண்டிருக்கும்போதுதான் ஆய்வே நடக்கிறது. கட்டடப் பணியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து பிரிட்டனின் கட்டடக்கலைஞர் கழகம் 1963-இல் வகுத்த பணித்திட்டம், இந்த ஆய்வுக் கட்டத்தைப் 'பின்னூட்டம்' என்றது. 2013-ஆம் ஆண்டுத் திட்டத்தின் இறுதிக் கட்டத்துக்கு 'இன் யூஸ்', அதாவது பயன்பாட்டில் உள்ள நிலை, என்றே பெயர். ஆங்கிலேயரே கைவிடக்கூடிய 'போஸ்ட்'டைத் தமிழில் கட்டிக் காப்பானேன்?

'புழக்க மதிப்பீடு' என்பதே பொருத்தம் என்பேன். ஆள் புழக்கம், புழங்கும் இடம் என்றெல்லாம் கொத்தனார் முதல் வீட்டுக்காரர் வரை சொல்லும் சொல் இது. வீட்டுக்கும் கிடங்குக்கும் ஒன்றுபோல் பொருந்தும், புதிய சொற்களாகக் கிளைக்கவும் செய்யும். எடுத்துக்காட்டாக, 1995 முதல் 2002 வரை பிரிட்டனில் நடந்த 'ப்ரோப்' என்ற இவ்வகை மதிப்பீட்டு ஆய்வுகளில், பல கட்டடங்கள் வடிவமைப்பில் கணித்ததைவிடக் கூடுதலாக எரிசக்தியைச் செலவிட்டது தெரியவந்தது. 'செயல்திறன் இடைவெளி' என்று மொழிபெயர்ப்பாளர்கள் முடிச்சுப் போடும் அந்த வேறுபாட்டை, வரைபடக் கணக்குக்கும் புழக்கக் கணக்குக்கும் உள்ள வித்தியாசம் என்று எழுதினால் கட்டடத்துக்குப் பணம் போட்டவருக்கே நேராகப் புரியும்.