நடு உறுப்புக்குள் இருக்கும் இரண்டு எண்கள்

இருபடிக் கோவையை (மாறியின் வர்க்கம் வரும் கோவையை) காரணிப்படுத்தச் சொன்னால், அதாவது இரண்டு அடைப்புக்குறிகளின் பெருக்கலாக எழுதச் சொன்னால், பலரும் அடைப்புக்குறிக்குள் எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். சின்னக் கணக்கில் அது பலித்துவிடும். கெழுக்கள், அதாவது மாறிக்கு முன்னால் நிற்கும் எண்கள், பெரிதானால் பக்கம்தான் நிறையும். பெருக்கும்போது என்ன நடக்கிறது என்று கவனித்தால் இந்த அலைச்சல் மிச்சம்.

மாறியை ‘ப’ என்போம். (ப + 3)(ப + 4) என்பதை விரித்தால் ப² + 4ப + 3ப + 12. நடுவில் உள்ள இரண்டும் ஒத்த உறுப்புகள் என்பதால் 7ப என ஒன்றாகிவிடுகின்றன. காரணிப்படுத்துவது என்பது அந்த 7-ஐ மறுபடி 4, 3 என்று பிரிப்பதுதான். கூட்டினால் 7, பெருக்கினால் 12 வர வேண்டும். தேடலைப் பெருக்கலிலிருந்து தொடங்குங்கள். கூட்டினால் 7 வரும் முழு எண் ஜோடிகளுக்கு முடிவே கிடையாது. பெருக்கினால் 12 வருபவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. கடைசி எண் குறையாக இருந்தால் ஒன்று மிகை, மற்றது குறை. ப² − ப − 12 என்றால் −4, 3.

ப²-க்கு முன்னால் கெழு வந்தால்தான் மாணவர்கள் திணறுகிறார்கள். 6ப² + 11ப + 4-ஐ எடுத்துக்கொள்வோம். முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் பெருக்கி, 24-க்கு ஜோடி தேடு என்பார்கள். 8, 3 கிடைக்கும். நடு உறுப்பைப் பிரித்தால்:

6ப² + 3ப + 8ப + 4
= 3ப(2ப + 1) + 4(2ப + 1)
= (2ப + 1)(3ப + 4)

சரி, ஏன் 24? இதைச் சொல்லாமலே பாடம் நகர்ந்துவிடுவது வழக்கம். விடையை விரித்துப் பாருங்கள். 8 வந்தது 2 × 4-இலிருந்து. 3 வந்தது 1 × 3-இலிருந்து. இரண்டையும் பெருக்கினால் 2 × 4 × 1 × 3. இதையே இடம் மாற்றி எழுதினால் (2 × 3) × (1 × 4), அதாவது 6 × 4. நடுவில் உள்ள இரண்டும் ஓரத்தில் உள்ள இரண்டும் அதே நான்கு எண்களால் ஆனவை. எந்தக் கணக்கிலும் இப்படித்தான்.

ஜோடியே அகப்படாவிட்டால்? எந்த இரண்டு எண்களுக்கும், கூட்டுத்தொகையின் வர்க்கத்திலிருந்து பெருக்கற்பலனின் 4 மடங்கைக் கழித்தால் அவற்றின் வித்தியாசத்தின் வர்க்கம் கிடைக்கும். மேலே உள்ள கணக்கில் 121 − 96 = 25; 8-க்கும் 3-க்கும் வித்தியாசம் 5. ப² + 5ப + 3-இல் 25 − 12 = 13. இது முழு வர்க்கம் அல்ல. ஆகவே முழு எண் ஜோடி கிடையாது. தேடலை அங்கேயே நிறுத்திவிட்டு இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் சூத்திரத்துக்குப் போகலாம்.