குழந்தையின் முதுகில் கட்டியா? அளவை விட இடத்தைப் பாருங்கள்

நுவரெலியாக் குளிரில் பச்சைப் பிள்ளையின் முதுகு வெளியே தெரிவதே குளிப்பாட்டும் நேரத்தில்தான். காலில் குப்புறப் போட்டு வெந்நீர் வார்க்கும் அப்பாயியின் கையில்தான் கட்டி முதலில் தட்டுப்படும். எவ்வளவு பெரிசு என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். நடுமுதுகுக் கோட்டில் இருக்கிறதா, பக்கத்திலா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

காரணம் கருவிலேயே இருக்கிறது. கரு உருவாகி 28 நாட்களுக்குள், அதன் முதுகுப்புறப் படலத்தின் நடுப்பகுதி வெற்றிலை போலச் சுருண்டு குழாயாகிறது. அந்தக் குழாயே பின்னர் மூளையும், முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டான முண்ணாணும். ஓரத்தில் எஞ்சிய படலம் தோலாகிறது. இரண்டும் சரியாகப் பிரியாவிட்டால், அந்தக் கோளாறின் அடையாளம் நடுக்கோட்டுத் தோலில் தெரியலாம்: மெத்தென்ற கொழுப்புக் கட்டி, மயிர்க்கொத்து, சிறு துளை, சிவந்த மறு.

கொழுப்புக் கட்டி சில பிள்ளைகளுக்கு உள்ளே முண்ணாண் வரை போய் அதைப் பிடித்து வைத்திருக்கும். பிள்ளை வளர வளர முள்ளந்தண்டு நீளும். கட்டுண்ட முண்ணாண் இழுபடும். கால் பலவீனம், பாதம் வளைதல், சிறுநீர் ஓயாமல் சொட்டுதல் எல்லாம் அதனால் வரக்கூடியவை. பிறந்தபோது கால் நன்றாக ஆடியதே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

பக்கவாட்டில், தோலுக்கடியில் நழுவும் சின்னக் கட்டி பெரும்பாலும் தீங்கில்லாதது. அதையும் அடுத்த கிளினிக்கில் காட்டுங்கள். இடுப்பில் தட்டையாகத் தெரியும் நீலத் திட்டு நம் பிள்ளைகளிடம் சர்வசாதாரணம். சில வருடங்களில் மங்கிவிடும்.

நடுக்கோட்டுக் கட்டியை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். டவுனுக்குப் போனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும், உண்மைதான். ஆனால் முதல் மூன்று மாதங்களில் முதுகெலும்பின் பின்பகுதி பெரும்பாலும் குருத்தெலும்பு. சாதாரண ஸ்கேனின் ஒலியலை அதை ஊடுருவி முண்ணாணைக் காட்டும். எலும்பு இறுகியபின் எம்.ஆர்.ஐ. தேவைப்படும், அசையாமல் இருக்கச் சின்னப் பிள்ளைக்கு மயக்க மருந்தும் கொடுக்க வேண்டிவரலாம்.

கட்டியை அமுக்குவது, பத்துப் போடுவது, ஊசியால் குத்துவது எதுவும் கூடாது. அந்தக் கட்டி முண்ணாணைச் சுற்றியுள்ள நீர் நிறைந்த பையாக இருந்தால், குத்திய துளை வழியே கிருமி மூளையுறை வரை போகலாம்.

கட்டியிலிருந்து நீர் கசிந்தாலோ, அது சிவந்து சுட்டாலோ, கால் அசைவு குறைந்தாலோ, மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை காய்ச்சல் வந்தாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு கிடையாது.